கீரைக்கொல்லைக்கு அழுத ராசா

உக்காரும் மாப்ள. காரு வாங்கப் போறீராமே? கோயில்பிள்ளை சொன்னாரு. மணி அடிக்கிற நேரம் போக அவருக்கு ஊர்ச்சேதி சுமக்கிறதுதானே சோலி.

எனக்குச் சந்தோசந்தான். தேரிக்காட்டுல வெறுங்காலோட திரிஞ்ச குடும்பம் காருல போனா யாருக்குக் கசக்கும்? ஒரே ஒரு கேள்வி கேக்குதேன். எதிர்வீட்டுக்காரன் போன மாசம் வெள்ளைக் காரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினானே, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் காரு இல்லாம உமக்கு எந்தக் காலு வலிச்சுது? பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடணும்கீரு. பள்ளிக்கூடம் உம்ம கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்லா இருக்கு! காரை முன்னால எடுத்துப் பின்னால விட்டா பிள்ளை இறங்கிக்கிடலாம்.

வேதத்துல ஆகாப் ராசா கதை தெரியுமா? சமாரியாவுல உக்காந்து இஸ்ரவேலை ஆண்டவன். தந்தத்துல வீடு கட்டினவன்னு ராஜாக்கள் புஸ்தகம் சொல்லுது. அவனுக்கு யெஸ்ரயேலிலயும் ஒரு அரண்மனை. அதுக்குப் பக்கத்துல நாபோத்துன்னு ஒருத்தனோட திராட்சைத்தோட்டம். ராசாவுக்கு அது எதுக்காம்? கீரைக்கொல்லை போட! அதைவிட நல்ல தோட்டம் தாரேன், இல்லேன்னா காசு தாரேன்னு கேட்டான். பாட்டன் சொத்து, தரமாட்டேன்னான் நாபோத்து. அம்புட்டுதான். ராசா கட்டில்ல போயி முகத்தைத் திருப்பிப் படுத்துக்கிட்டான், சாப்பிடவும் மாட்டேன்னுட்டான். நாடே கைக்குள்ள இருக்கு, தண்டங்கீரைக்காகப் பட்டினி! பொண்டாட்டி யேசபேல் வந்து பொய்ச்சாட்சி ரெண்டு பேரை ஏற்பாடு பண்ணி, நாபோத்தைக் கல்லெறிஞ்சு கொன்ன பொறவுதான் மனுசன் எழுந்திரிச்சான். இதுல எனக்கு ஒண்ணு புரியுது மாப்ள. தூரத்து எகிப்து ராசாவோட தோட்டத்துக்கு ஆகாப் அழல. இந்த வயித்தெரிச்சல் அரண்மனை மதிலுக்கு அடுத்த மதில் வரைக்குந்தான் போகும்.

அதனாலதான் பத்தாம் கற்பனையில ஆண்டவர் பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதைன்னு ஒவ்வொண்ணா எண்ணிச் சொன்னாரு. கழுதை இருந்த இடத்துல இப்ப காரு நிக்கி, அதுதான் வித்தியாசம். களவுக்குப் போலீசு உண்டு, பொய்ச்சாட்சிக்குக் கோர்ட்டு உண்டு. இந்த ஒரு கற்பனைய மீறினா சாட்சி சொல்ல ஆள் கிடையாது. மாமனார்தான் கொஞ்சம் மோப்பம் பிடிக்கணும்.

சரி, கணக்குக்கு வருவோம். பத்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருசத் தவணை. மாசத்துக்கு 16,089 ரூபா. எட்டாங்கிளாசு படிக்கிற பேரன் போனுல போட்டுக் காட்டினான். கட்டி முடிக்கையில 13 லட்சத்து 51 ஆயிரம் ஆயிருக்கும். மேல போன மூணரை லட்சம் என்னத்துக்கு? எதிர்வீட்டுக்காரன் மூஞ்சி போற போக்கை ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கதுக்கு டிக்கெட்டு. அதுவும் ஒரே ஒரு ஞாயிறு. அடுத்த வாரம் அவன் பழகிருவான்.

அந்தக் கடன் அட்டையையும் கொஞ்சம் வெளிய எடும். பாக்கி அம்பதாயிரம்னு வச்சுக்கிடும். மாசம் மூணரை வட்டி போட்டா 1,750. வட்டி மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 315. குறைஞ்சபட்சத் தொகைன்னு 5 சதவீதம், 2,500 கட்டிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு வாரீரு. அசல்ல கழிஞ்சது எவ்வளவு தெரியுமா? 435 ரூபா! நம்ம ஊரு கந்துவட்டிக்காரனுக்கு 2003-ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் போட்டாங்க. அவன் மீசைய முறுக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான், நாமளும் பயந்து கட்டுவோம். இந்த அட்டைக்காரன் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி வாங்குதான்.

அப்புறம் எம் மக கழுத்துச் சங்கிலி. போன கிறிஸ்மசுல இருந்து காணோம். கேட்டா, கொக்கி பழுது, ஆசாரிகிட்ட குடுத்திருக்குங்கா. எந்த ஆசாரி மாப்ள, நகைய வச்சுக்கிட்டு வட்டியும் கேக்க ஆசாரி?

கோவப்படாதீரும், காப்பி ஆறுது.

எங்க அப்பன் காலத்துல கருப்பட்டி வியாபாரி முன்பணம் குடுப்பான். வருசத்துல பாதி மாசந்தானே பதனி. மீதி மாசத்துக்கு வாங்கித்தான் ஆகணும். வாங்கியாச்சுன்னா கருப்பட்டிக்கு விலை சொல்ற வாய் அவனுக்குத்தான். கடன் வாங்கினவன் குடுத்தவனுக்கு அடிமைன்னு சாலமோன் சொன்னதை எங்க அப்பன் படிச்சதில்ல, தராசுத் தட்டுல பாத்தாரு. அவரு வாங்கினது கஞ்சிக்கு. நீரு வாங்குதது காட்டுததுக்கு.

போன அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் பாத்தேன். எதிர்வீட்டுக்காரன் வாழைத்தாருக்கு ஆயிரம்னான். நீரு ரெண்டாயிரம்னீரு. அவன் ஏத்த, நீரு ஏத்த, கடைசில கொல்லையில அஞ்சு தாரு விளைஞ்சாலும் வராத விலைக்கு ஒரு தாரைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தீரு. கேட்டா, ஆண்டவருக்குத்தானே போச்சுங்கீரு. பக்கத்துல ஒரு பூசணிக்காய் கிடந்துதே, அதுவும் ஆண்டவருக்குள்ளதுதான். அதை அவன் கேக்கல, நீரும் கேக்கல. ஐயரு ரசீது எழுதும்போது சிரிச்சாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

பவுல் அப்போஸ்தலர் எந்த நிலையிலயும் மனரம்மியமா இருக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதினதைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கீரு. நல்லது. காவல்ல கிடந்துக்கிட்டு, பிலிப்பியார் அனுப்பின உதவி வந்து சேந்ததுன்னு நன்றி சொல்ல எழுதின கடுதாசி அது. பணத்தை வாங்கிக்கிட்டுத்தான் சொல்லுதாரு, ஆனா ஏங்கிக்கிட்டுச் சொல்லல. பொறந்ததுமே வந்துதுன்னும் சொல்லல பாரும், கத்துக்கிட்டாராம். பனையேத்தம் மாதிரிதான். உச்சியில நின்னுக்கிட்டு அடுத்த மரத்துப் பாளையைப் பாக்கவனுக்குத் தன் கலயம் கவுந்தது தெரியாது.

ஒண்ணு மட்டும் தப்பா எடுத்துக்கிடாதீரும். உள்ளது போதும்னு இருங்கன்னு கூலிக்காரனைப் பாத்து முதலாளி பிரசங்கம் பண்ணினா, அந்தக் கோயில்ல நான் உக்கார மாட்டேன். பிடிச்சு வச்ச கூலியே கூக்குரல் போடும்னு யாக்கோபு எழுதி வச்சிருக்காரு. சம்பளத்தைக் கூட்டிக் கேளும், மேல்வேலைக்கு எழுதிப் போடும், அதெல்லாம் பாவமில்ல. போதும்ங்கிறது நமக்கு நாமே குடிக்க கசாயம், அடுத்தவன் வாயைப் பிளந்து ஊத்தக்கூடாது. டிவியில ஆயிரம் விதைச்சா லட்சம் அறுக்கலாம்னு சத்தம் போடுதவன் சங்கதி தனி. அவனுக்குக் காரு ஏற்கெனவே வந்தாச்சு.

அவசரம் வேண்டாம்னுதான் சொல்லுதேன். இடையன்குடிக் கோயிலைப் பாத்திருக்கீருல்லா? கால்டுவெல் ஐயரு 1847-ல அஸ்திவாரம் போட்டாரு. பிரதிஷ்டை 1880-ல. 33 வருசம்! நடுவுல 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தையும் எழுதி வெளியிட்டாரு. கோயில் முடியலையேன்னு ஆண்டவர் யாருக்கும் நோட்டீசு அனுப்பல.

ஆகையினால, முதல்ல சங்கிலிய மீட்டு எம் மக கழுத்துல போடும். பொறவு அட்டைப் பாக்கியை முழுசா அடைச்சிட்டு, அட்டைய அவகிட்டக் குடும். அவ அரிசிப்பானைக்குள்ள போட்டா கையை விடாதீரும். மாசம் அந்த 16,089-ஐ போஸ்டாபீசுல ரெண்டு வருசம் கட்டிப் பாரும். கட்ட முடிஞ்சா காரு உம்மால முடியும். முடியலேன்னா, எடுத்திருந்தாலும் பாங்கிக்காரன் வந்து ஓட்டிட்டுப் போயிருப்பான்.

வாங்கினீருன்னா மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை என்னையும் முன்சீட்டுல ஏத்திக்கிடும். எதிர்வீட்டுக்காரன் வாசல்ல நிக்க நேரம் பாத்துப் புறப்படுவோம். கண்ணாடிய இறக்கியே வையும்.