லாகூருக்குப் போற வழி

வா கண்ணு, இப்படி உக்காரு. அந்தப் போனைச் சித்தே கீழ வை. எங்கியோ சண்டை, எவனையோ புடிச்சு வச்சிருக்கான், "கமாண்டோவை அனுப்பு"ன்னு நாலு வரி எழுதப் போறேன், அப்பாரு ஒரு ரோசனை சொல்லுங்கன்னு கேட்டயல்ல? சரியான ஆளைத்தான் புடிச்சே. மேட்டூருக்கு அந்தாண்ட கொளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்ச்சவன் நானு. உங்கப்பன் மயிலாப்பூர்ல வீடு புடிச்சு இட்டாந்ததுல இருந்து தெனமும் நாகேஸ்வரராவ் பூங்காவுல நாலு சுத்து நடக்கறேன். நடக்கறது அரை மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம் பெஞ்சுல உக்காந்து போர் நடத்தறோம். நானும் இத்தனை வருசத்துல எத்தனையோ நாட்டைப் புடிச்சுக் குடுத்திருக்கேன், ஒரே ஒரு தடவை தவிர ஒருத்தரும் எனக்கு ஒரு காப்பி வாங்கித் தந்ததில்ல.

எங்க படைக்குத் தலைவரு கர்னலு. உனக்குத் தெரியும், அடுத்த தெருக்காரரு. பேங்குல காசாளரா இருந்து ஓய்வு வாங்குனவரு. கர்னல்னு பேரு வச்சது நானு. கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன், மறுநாளே மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு வந்துட்டாரு. முட்டி வலி மனுசனுக்கு. பெஞ்சுல இருந்து எந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்கணும். ஆனா எல்லை தாண்டறதுன்னா ஒத்தை ஆளாத் தாண்டிருவாரு.

கட்சி ஒண்ணுதான் அவருக்கு. "பணயக்கைதியா புடிச்சா பேசவே கூடாது சார், அடிக்கணும். எண்டபி தெரியுமா உங்களுக்கு?" எனக்கு எண்டபி என்னத்தக் கண்டது, மலச்சிக்கலுக்குக் குடுக்கற மருந்துங்களான்னு கேட்டேன். பொறவு அவரே வெளக்குனாரு. 1976-ல உகாண்டாவுல எண்டபி விமான நிலையத்துல புடிச்சு வச்சிருந்த ஆளுங்களை இஸ்ரேல் கமாண்டோக்கள் ராத்திரியோட ராத்திரியா போயி மீட்டாங்க, 106 பேர்ல 102 பேரு உசுரோட வந்துட்டாங்கன்னு. நல்ல காரியந்தான், கையெடுத்துக் கும்புடலாம். நான் வீட்டுக்கு வந்து உன்னைத்தானே கேட்டேன், இது மாதிரி வேற எங்கெல்லாம் போனாங்கன்னு? நீதானே படிச்சுக் காட்டுனே. 1980-ல ஈரான்ல மாட்டுன தன்னோட ஆளுங்களை மீட்க அமெரிக்காக்காரன் போனான். பாதி வழியில பாலைவனத்துல ஹெலிகாப்டர் பழுதாகி, திரும்பிப் போயிறலாம்னு கிளம்புறப்ப ஹெலிகாப்டரும் விமானமும் மோதி எட்டு பேரு செத்தாங்க. ஒரு பணயக்கைதி மொகத்தைக்கூடப் பாக்காம திரும்பி வந்தாங்க. 2002-ல மாஸ்கோ நாடகக் கொட்டாயில மயக்க மருந்துப் புகையை உள்ள விட்டாங்க. காப்பாத்த வேண்டிய சனத்துல 130 பேருக்குப் பக்கம் செத்துப் போச்சு, முக்காவாசி அந்தப் புகையிலயே. இதைக் கர்னல்கிட்டச் சொன்னா, "அது வேற சார்"ங்கறாரு. இந்த "அது வேற"யை நீயும் கத்து வச்சுக்க கண்ணு. கருத்துச் சொல்றவனுக்குக் கோவணம் மாதிரி அது. எது அவுந்தாலும் அது அவுறக் கூடாது.

விஜய் நடிச்ச பீஸ்ட் வந்த வருசம், 2022-ல, கர்னலு இன்னும் மோசமாயிட்டாரு. சென்னையில ஒரு மால், உள்ள பணயக்கைதிங்க, ஒரே ஆளு அத்தனை பேரையும் வெளாசித் தள்ளுறாரு. "பாத்தீங்களா, இப்படித்தான் இருக்கணும்"னாரு. நான் சொன்னேன், சார், தி.நகர்ல தீவாளிக்கு மொத ஞாயித்துக்கெழம ரங்கநாதன் தெருவுல பொண்டாட்டியோட துணிக்கடைக்குள்ள போயி ரெண்டு மணி நேரத்துல முழு உசுரா வெளிய வாங்க பாக்கலாம், அவனைத்தான் நான் கமாண்டோன்னு ஒத்துக்குவேன்னு.

சரி, வெளையாட்டு போகட்டும். 1999 டிசம்பர் 24-ந் தேதி. காட்மாண்டுல இருந்து டெல்லிக்கு வந்த ஐசி-814 விமானத்தைக் கடத்துனாங்க. அமிர்தசரசுல முக்கா மணி நேரத்துக்குக் கிட்ட நம்ம மண்ணுலயே நின்னுச்சு. கமாண்டோ போய்ச் சேர்றதுக்குள்ள பறந்துருச்சு. கடைசியா கந்தகார். உள்ள மாட்டுனவங்களோட சொந்தபந்தம் எல்லாம் பிரதமர் வாஜ்பாய் வீட்டு முன்னால போயி நின்னு கதறுனாங்க, கேக்கறதக் குடுத்து எங்க ஆளுங்களைக் கொண்டாங்கன்னு. 31-ந் தேதி மசூத் அசாரோட சேத்து மூணு பேரை விட்டாங்க, பயணிங்க வந்துட்டாங்க. புதுசா கண்ணாலம் ஆன ரூபின் கத்யால் மட்டும் பொணமாத்தான் வந்தான், அவனை நடுவுலயே குத்திட்டாங்க.

அப்ப நான் ஊர்ல இருந்தேன். எங்கூரு டீக்கடையில "குடுத்துத் தொலைங்கப்பா, பொண்டு புள்ளைங்க தவிக்குது"ன்னு அழுதவனும், "மண்டி போட்ட அரசாங்கம்"னு காறித் துப்புனவனும் ஒரே ஆளுதான். நடுவால ரெண்டு டீ. அத்தனைக்கும் கார்கில் சண்டை முடிஞ்சு அஞ்சு மாசந்தான் ஆகியிருந்துச்சு. நம்ம திருச்சி மேஜர் சரவணன் அந்த மே மாசம் 29-ந் தேதி படாலிக் மலையில செத்தப்ப இதே கடையிலதான் பேப்பரைத் தடவித் தடவிப் படிச்சாங்க.

அடுத்த வருசம் எங்க மேட்டுக்கே வந்துருச்சு வெவகாரம். 2000 ஜூலை 30 ராத்திரி, தாளவாடிப் பக்கம் காஜனூர்ல சொந்த வீட்டுக்கு வந்திருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல் வீரப்பன் தூக்கிட்டுப் போயிட்டான். 71 வயசு மனுசன். பெங்களூர்ல கடையடைப்பு, கலாட்டா, அங்க இருந்த நம்மாளுங்களுக்கு வயித்துல புளி. ரெண்டு மாநில முதலமைச்சருங்க கருணாநிதியும் எஸ்.எம்.கிருஷ்ணாவும் கூடிக் கூடிப் பேசுறாங்க. நக்கீரன் கோபால் தூதா காட்டுக்குள்ள போறாரு, வராரு, போறாரு. பொறவு நெடுமாறன் போனாரு. மெட்ராசுல இருந்து எங்கூருக்குக் கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரை ஒருத்தரு, "காட்டைச் சுத்தி வளைச்சு மூணு நாள்ல முடிக்கலாமே"ன்னாரு. காட்டுப் பக்கம் கைகாட்டி, "அங்கிட்டு இருந்து வளைக்க ஆரம்பிங்க, நாங்க இங்கிட்டு இருந்து வரோம்"னேன். காடு எத்தனை அகலம்னு அவருக்குத் தெரியாது. பனகல் பார்க்கை விட ரெண்டு மடங்கு இருக்கும்னு நெனைச்சுக்கிட்டாரு போல.

வளைக்கறதுன்னா என்னன்னு மலையடிவாரத்துச் சனத்தக் கேக்கணும். ராத்திரி ஒருத்தன் வந்து அரிசி கேப்பான். பகல்ல ஒருத்தன் வந்து ஏன் குடுத்தேன்னு கேப்பான். வீரப்பனைத் தேடுன அதிரடிப்படை பண்ணுனதையெல்லாம் விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில குழுவே போட்டாங்க. 2007-ல மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. அது காயிதத்துல ஏறுன கணக்கு.

இந்தக் கதையில நான் மறக்காத ஆளு கோபாலும் இல்ல, கிருஷ்ணாவும் இல்ல. அப்துல் கரீம்னு ஒரு பெரியவரு. 1992-ல வீரப்பன் கும்பல் கொன்னுபோட்ட சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதோட அப்பா. ராஜ்குமாரை மீட்க, வீரப்பன் ஆளுங்க மேல இருந்த தடா வழக்கைக் கைவிடறதா அரசாங்கம் ரோசனை பண்ணுச்சு. இவரு நேரா உச்ச நீதிமன்றத்துக்குப் போயிட்டாரு. என் புள்ளையக் கொன்னவன் கூட்டத்தை எப்படி விடுவீங்கன்னு. 2000 நவம்பர் 7-ந் தேதி விடக் கூடாதுன்னு தீர்ப்பு வந்துருச்சு. அந்த வாரம் ராஜ்குமார் வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்குமான்னு நெனச்சுப் பாரு. அந்தக் கரீம் பாய் வீட்டுல எட்டு வருசமா எப்படி எரிஞ்சிருக்கும்னும் நெனச்சுப் பாரு. ரெண்டு வீடும் அழுதுச்சு. மீதி வீட்டுக்காரங்கதான் சத்தமா நியாயம் பேசுனோம், நானுந்தான். 15-ந் தேதி, 108 நாள் கழிச்சு, ராஜ்குமார் நடந்தே வெளிய வந்தாரு.

வீரப்பன் போட்ட நிபந்தனையில ஒண்ணு, பெங்களூர்ல மூடிக் கெடந்த திருவள்ளுவர் சிலையைத் தொறக்கணும்னு. காட்டான் கேட்டான்னு அப்ப சிரிச்சாங்க. 2009-ல முதலமைச்சருங்களே கூடித் தொறந்து வச்சாங்க. கர்னல்கிட்ட இதைச் சொன்னேன். "2004-ல பாப்பாரப்பட்டியில அவனைச் சுட்டாங்களே, அதை 2000-லயே செஞ்சிருக்கலாம்ல?"ன்னாரு. செஞ்சிருக்கலாமுங்க, ராஜ்குமாருக்குப் பால் ஊத்த யாரு போறதுன்னு மட்டும் தீர்மானம் பண்ணிட்டுன்னேன். "அது வேற சார்."

இன்னொண்ணு கேளு. 2008 நவம்பர் 26, மும்பைத் தாக்குதல். மானேசர்ல இருந்த என்.எஸ்.ஜி. கமாண்டோ ஆளுங்களை ஏத்திட்டு வர விமானம் சண்டிகர்ல இருந்து வரணும். அவங்க மும்பையில எறங்க விடிஞ்சுருச்சு. (அதுக்குப் பொறவுதான் சென்னைக்கும் ஒரு என்.எஸ்.ஜி. மையம் வந்துச்சு, 2009-ல.) நாடே டிவி முன்னால. கமாண்டோ கயிறு கட்டி எறங்கறான், இந்த மாடி, அந்த சன்னல், எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நம்மளோட சேந்து இன்னும் கொஞ்சம் பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாகிஸ்தான்ல உக்காந்துக்கிட்டு உள்ள இருந்த கொலைகாரங்களுக்குப் போன்ல வழி சொல்லிக்கிட்டிருந்த எசமானனுங்க. கசாப் வழக்குத் தீர்ப்புல உச்ச நீதிமன்றம் இந்த டிவிக்காரங்களை நல்லாவே குட்டுச்சு. தாஜ் ஓட்டல்ல மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும், நரிமன் இல்லத்துல கஜேந்தர் சிங்கும் போயிட்டாங்க. நீ எழுதற நாலு வரியை நம்ம தெரு பயலுவ மட்டுந்தான் படிப்பாங்கன்னு நெனைக்காத.

வாழ்த்தறதுல நம்மூரு கொறை வைக்காது. எடம் பொருள் பாத்து வாழ்த்தும், அவ்வளவுதான். இலங்கைத் தமிழ்ப் போராளிப் பசங்க 1982-ல பாண்டி பஜார்ல ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டப்பவும் வேடிக்கை பாத்துச்சு. அடையாறு இந்திரா நகர்ல விடுதலைப் புலிகளுக்கு ஆபீசு இருந்த காலமும் உண்டு. 1987-ல நம்ம பட்டாளம் அமைதிப்படைன்னு அங்க போச்சு, 1,200 பேருக்குப் பக்கம் பறிகுடுத்துட்டு 1990 மார்ச்சுல மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்குச்சு. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகல. அங்க செத்த தமிழ்ச் சனம் அவரு கண்ணு முன்னால. கப்பல்ல வந்த சிப்பாய் கண்ணு முன்னால அவன் கூட்டாளி பொணம். இதுல நான் தீர்ப்புச் சொல்லல கண்ணு. எனக்கு அதுக்கு வயசு பத்தாது, எழுபத்தெட்டுதான் ஆகுது. சண்டையில செத்த மேஜர் முகுந்த் வரதராஜனைக் கொண்டாந்து பெசன்ட் நகர் மயானத்துல எரிச்சது 2014-ல. நம்ம கர்னலுக்கு அந்தப் பேரு தெரிஞ்சது அமரன் படம் வந்த பொறவுதான், 2024 தீவாளிக்கு. படம் பாத்துட்டு வந்து ரெண்டு நாளு பெஞ்சுல பேச்சே இல்ல. அந்த ரெண்டு நாள்ல ஒரு நாட்டையும் புடிக்கல நாங்க.

இப்ப 2025 மே மாசம் பாகிஸ்தானோட நடந்த சண்டைக்கு வா. 8-ந் தேதி ராத்திரி டிவிக்காரங்க கராச்சித் துறைமுகத்தைக் கொளுத்திட்டாங்க, இஸ்லாமாபாத்தைப் புடிச்சுட்டாங்க. விடிஞ்சு பாத்தா ரெண்டும் அங்கங்க இருந்துச்சு. சைரன் சத்தத்தை நியூஸ்ல போடாதீங்கன்னு உள்துறையே கடுதாசி போட வேண்டியதாப் போச்சு. பாட்டன் காலத்துல, 1914-ல, எம்டன் கப்பல்காரன் உண்மையிலயே மெட்ராசு மேல குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்தினப்ப பட்டணமே மூட்டை கட்டிக்கிட்டு ஓடுச்சாம். ஓடிட்டு வந்து, அவனைத் திட்டாம, கெட்டிக்காரனுக்கெல்லாம் "எம்டன்"னு பேரு வச்சுக்கிச்சு. இப்ப குண்டு ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட. அதனால ஒருத்தரும் ஓடல. பெஞ்சுல எடம்தான் கெடைக்கல. கர்னலு வெறும் வாயிலயே டாங்கி ஓட்டுனாரு. "லாகூர் வரைக்கும் போயிடணும் சார், நிறுத்தவே கூடாது."

9-ந் தேதி ராத்திரி பத்து மணிக்கு நம்ம கதவைத் தட்டுனது யாரு? நீதானே தொறந்தே. மீசை தொங்கிப் போயி நின்னாரு. பேத்தி ஜலந்தர்ப் பக்கம் படிக்குது, ஊரையே விளக்கணைச்சு வச்சிருக்காங்க, போன்ல அழுவுது. டெல்லி தமிழ்நாடு இல்லத்துல தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு உங்கப்பனைக் கேட்டாரு. உங்கப்பன் நம்பர் தேடறப்ப எங்கிட்ட வந்து உக்காந்து, "எதுக்கு சார் இந்தச் சண்டை, உக்காந்து பேசித் தீத்துக்கக் கூடாதா?"ன்னாரு. நான் சிரிக்கல கண்ணு, மாதேஸ்வரன் மேல சத்தியமா. தண்ணி மொண்டு குடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதலமைச்சரு தலைமையில பட்டாளத்துக்கு ஆதரவா பேரணி, டிஜிபி ஆபீசுல இருந்து போர் நினைவுச்சின்னம் வரைக்கும். நானும் கடற்கரைப் பக்கம் போயி நின்னேன், கர்னலைக் காணல. அதே அஞ்சு மணியில இருந்து சண்டையை நிறுத்திக்கிட்டாங்கன்னு ஆறு மணி வாக்குல சேதி வந்துச்சு. கொடி புடிச்சவங்க கொடியோடவே நடந்தாங்க, என்ன பண்ணுவாங்க.

செவ்வாக்கெழம காலையில கர்னலு பூங்காவுக்கு வந்தாரு. மீசை பழையபடி முறுக்கிருச்சு.

"நிறுத்தியிருக்கக் கூடாது சார். இன்னும் நாலு நாள் விட்டிருக்கணும்."

"பேத்தி வந்தாச்சுங்களா?"

"நேத்து ராத்திரி வந்துட்டா. தூங்கறா."

"அப்ப சரிங்க. இனிமே லாகூருக்குப் போலாமுங்க."

முறைச்சுப் பாத்தாரு. அன்னிக்குக் காப்பி அவருதான் வாங்கிக் குடுத்தாரு.