தேங்காயெண்ணெய்ப் பதம்

கடல்மட்டத்துக்கு மேல் 7,300 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் பிறந்து, தை மாத விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் கிடக்கும் உறைபனியை மிதித்துக்கொண்டே பதினெட்டு வயதுவரை பால் வாங்கப் போய்வந்தவன் நான் என்பதை முதலிலேயே பிரகடனம் செய்துவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்தபின் அதை ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

அந்நாளில் எங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த பொழுதுபோக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் நடுப்பகலில் வந்திறங்கும் சமவெளிக்காரர்களைப் பார்ப்பதுதான். 1908இல் அந்த ரயில்பாதையை உதகைவரை நீட்டிய வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறினார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. இவர்களோ, வெயில் தாளவில்லையென்று ஓடிவந்து, வந்திறங்கிய கணமே அதே வெயிலுக்கு ஏங்கி, சித்திரை மாதத்து மத்தியானத்தில் குரங்குக் குல்லாயும், கழுத்தில் மப்ளரும், அதன்மேல் சால்வையுமாக, கண்கள் மாத்திரம் தெரியும்படி நிற்பார்கள். நான் அரைக்கைச் சட்டையுடன், யாதொரு அவசியமும் இல்லாமல், அவர்களுக்கு முன்னால் இரண்டு முறை நடந்துபோவேன்.

குளிரால் எங்கள் வீட்டில் கஷ்டப்பட்ட ஜீவன் தேங்காயெண்ணெய் ஒன்றுதான். ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் சுபாவமுடையதாகையால், அது அநேகமாக வருஷம் முழுவதும் கட்டியாகவே கிடக்கும். அம்மா அதைக் கரண்டிக் காம்பால் குடைந்தெடுத்து, அடுப்போரத்தில் வைத்து இளக்கித் தலையில் தேய்ப்பாள். அதை நான் ஒரு கோழை எண்ணெய் என்றே கருதி வந்தேன்.

பிறகு உத்தியோக நிமித்தம் சென்னைக்கு வந்தேன். முதல் மார்கழியில், சகாக்கள் போர்வைக்குள் முடங்கிக் கிடக்க, நான் மின்விசிறியின் கீழே சட்டையில்லாமல் படுத்து அவர்களை ஏளனம் செய்ததுண்டு. மனித சரீரம் விசித்திரமானது. வெயிலுக்குப் பழக அதற்கு இரண்டு வாரம் போதும். சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையோடு உப்பை அதிகம் இழந்துவிடாமல் பிடித்துக்கொள்ளவும் கற்றுக்கொள்கிறது. குளிர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதும், தசைகள் நடுங்கி உஷ்ணத்தை உண்டாக்குவதும் எல்லோருக்கும் பொது. நித்தம் குளிரில் கிடப்பவனுக்கு மாத்திரம் அந்த நடுக்கம் அடங்கிப்போகிறது. பழக்கம் விட்டால், நடுக்கம் பழையபடி வந்துசேர்கிறது. கொரியாவில் பருத்தி உடையோடு குளிர்ந்த கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துவந்த பெண்கள், 1970களில் ரப்பர் உடைக்கு மாறிய சில வருஷங்களுக்குள்ளேயே, குளிரைத் தாங்கும் தனித்திறனை இழந்துவிட்டதாக ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்கள் இழந்ததற்கு ஈடாக ஓர் உடையாவது கிடைத்தது. எனக்கு வேர்க்குரு கிடைத்தது.

எனது வீழ்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. மின்விசிறி ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கிற்று. பச்சைத்தண்ணீர் ஸ்நானம் வெந்நீராயிற்று. இப்போதெல்லாம் மார்கழி விடியலில், குளியலறை அலமாரியிலுள்ள எண்ணெய்ப் புட்டியைத்தான் முதலில் பார்க்கிறேன். அடியில் வெள்ளை படிந்திருந்தால் எனக்கும் கைகால் விறைத்துவிடுகிறது. ஒரு காலத்தில் கோழையென்று நான் இகழ்ந்த எண்ணெயும் நானும் ஒரே டிகிரியில் உறைகிறோம்.

சென்ற தை மாதம் ஊருக்குப் போனபோது, குன்னூர் தாண்டியதுமே ரயில் ஜன்னலைச் சாத்தினேன். வீட்டில் மூன்று கம்பளிகளுக்கு அடியிலிருந்து என் குரல் மாத்திரம் வெளிவந்துகொண்டிருந்தது. "ஏன்டா, இந்தக் குளிர்லதானே பொறந்து வளர்ந்த?" என்றாள் அம்மா. அக்காள் மகனோ, "மாமா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேவா குளிக்கப் போறீங்க?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். குளிப்பதாகவே எனக்கு உத்தேசமில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கினேன். "மெட்ராஸா சார்?" என்றார் கடைக்காரர். ஆமென்றேன். மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்லும் விலையைச் சொன்னார். பேரம் பேசுவதற்குக் கையை வெளியே எடுக்கவேண்டுமே என்று, கேட்டதைக் கொடுத்துவிட்டு, குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். அரைக்கைச் சட்டை அணிந்த ஒரு பையன் எனக்கு முன்னால் இரண்டு முறை நடந்துபோனான்.