பச்சையில்லா மாப்பிள்ளை

வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள் எங்களை நாங்களே கிண்டல் செய்துகொள்ள ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி விவகாரம் 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடித் தன் பேரைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டது. பட்டியலில் இப்படி விழுந்த ஓட்டையை அடைக்க நான் ஒன்றை வாங்கி வந்தேன்: பச்சை இல்லாத செடி.

மூன் கேக்டஸ் என்பார்கள். வேலூரில் ஒரு நர்சரியில் இரண்டு ஆம்பூர் பிரியாணிக்கு ஆகும் காசைக் கொடுத்து வாங்கி, விரிஞ்சிபுரத்து வீட்டுத் திண்ணையில் வைத்தேன். வீடு என்றால் மாமனார் வீடு. நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனாலும் வீட்டு வரி ரசீது மாமனார் பேரில் வருகிறவரை அதெல்லாம் செல்லாது.

கீழே மூன்று பட்டை வைத்த பச்சைத் தண்டு, ஒரு சாண் உயரம். அதன் உச்சியில் எலுமிச்சை அளவில், முகடு முகடாக, முள்ளோடு ஒரு ரத்தச் சிவப்பு உருண்டை. தெருவில் போகிறவர்கள் நின்று, “இந்தப் பூ எத்தினி நாளைக்கு வாடாம இருக்கும்?” என்று கேட்பார்கள். அது பூ இல்லை, அதுதான் செடி, அடியில் இருப்பது வேறொரு செடி என்று நான் விளக்கினால், செடியை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

உருண்டையின் பூர்வீகம் பராகுவே. ஜிம்னோகலைசியம் மிஹனோவிச்சி என்று நீளமான பேர். சொந்த மண்ணில் அது மங்கிய பச்சை நிறத்தில், சொந்த வேரில் நின்று பிழைக்கிற கௌரவமான கள்ளி. 1941-ல் ஜப்பானில் எய்ஜி வாதனபே என்ற நர்சரிக்காரர் இதன் விதைகளை முளைக்கப் போட்டார். பத்தாயிரம் நாற்றில் இரண்டு மட்டும் சிவந்து நின்றன. மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வால் பச்சையமே உண்டாகாத பிறவிகள். பச்சையம் இல்லாவிட்டால் வெயிலிலிருந்து உணவு தயாரிக்க முடியாது. விதைக்குள் இருந்த கையிருப்பு தீர்ந்ததும் இரண்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாதனபே அவற்றை வேறொரு பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார். இன்று தென்கொரியாவில் இந்த ஒட்டுக் கட்டுவதே ஒரு தொழில். அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதி ஆகிறது. அந்தச் சிவப்பும் புதிதாக வந்த வரம் இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன் வகை நிறமிதான். மூடி மறைக்கப் பச்சை இல்லாததால் வெளியே தெரிகிறது.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது மாமனாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் ரிட்டயர்டு சர்வேயர். எல்லையை ஊர்ஜிதம் செய்யாமல் விடமாட்டார்.

“அப்போ மேல கீறது எந்த வேலையும் செய்யாது?”

“செய்யாதுங்க மாமா.”

“கீழ கீறதுதான் தண்ணி இழுத்து, வெயில்ல நின்னு, அதுக்கும் சேத்து சோறு போடுது?”

“ஆமாங்க.”

“வர்றவன் போறவன் எல்லாம் மேல கீறதைத்தான் பாக்கறான்?”

“ஆமாங்க மாமா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் என் மகன் ஓடிவந்து, “அப்பா, தாத்தா மாப்ளைக்குத் தண்ணி ஊத்திட்டாரு” என்றான்.

பேர் நிலைத்துவிட்டது. மாமியார் என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. எனக்குக் கேட்கும்படி என் மனைவியிடம் பேசுவார். ஆகவே “மாப்ளைய உள்ள எடுத்து வையி, வெயிலு ஏறுது” என்று அவர் குரல் கொடுத்தால், எழுந்து போக வேண்டியது நானா தொட்டியா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெயில் ஒரு பெரிய சிக்கல். அடியில் இருப்பதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மேலே இருப்பதற்கு வேலூர் வெயில் பட்டால் தோல் வெந்து வெளுத்துவிடும். காலை இளவெயிலைக் காட்டிவிட்டு நிழலுக்கு நகர்த்திவிட வேண்டும். எங்கள் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நிழலை வைத்து மணி பார்க்கும் கல் இருக்கிறது. அரை வட்டத்தில் கோடும் எண்ணும் வெட்டியிருப்பார்கள். குச்சியை வைத்தால் நிழல் மணியைக் காட்டும். மாமியாருக்குக் கல்லும் வேண்டாம் குச்சியும் வேண்டாம். திண்ணைத் தூணின் நிழலே போதும்.

தண்ணீர் அடுத்த சிக்கல். தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த எங்கள் பாலாற்றங்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்துவிடுகிறது. மழை பெய்தால் மொட்டைமாடியில் குடம் வைத்துப் பிடித்து, மண் அடிவரை காய்ந்த பிறகு கொஞ்சமாக ஊற்றுகிறேன். “நமக்கெல்லாம் போரு தண்ணி, மாப்ளைக்கு மழத்தண்ணி” என்று சமையலறையிலிருந்து வரும் வார்த்தை என் காதில் விழுவதில்லை.

மூன்றாவதுதான் குடும்பச் சிக்கல். அடியில் இருப்பது டிராகன் பழச் செடி. 2021-ல் குஜராத் அரசு ‘கமலம்’ என்று பேர் சூட்டியதே, அந்தப் பழம். அதன் பாட்டுக்கு விட்டால் கல்தூணைப் பிடித்து ஏறி, ராத்திரியில் வெள்ளை வெளேரென்று பூத்து, பழம் கொடுக்கிற ஜாதி. அதைத் தலையை வெட்டித்தான் மாப்பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா இருப்பதில்லை; பக்கவாட்டில் துளிர் விட்டுப் பார்க்கும். துளிரை விட்டுவைத்தால் சத்தெல்லாம் அதற்குப் போய் மாப்பிள்ளை சுருங்கிவிடுவார். கண்டவுடன் வெட்டிவிட வேண்டும் என்பது வளர்ப்பு விதி.

பிளேடோடு நான் உட்கார்ந்ததை மாமியார் பார்த்துவிட்டார். “இன்னாடி அநியாயம் இது? தனக்குன்னு ஒரு துளுரு உடக்கூடாதா அது?” என்று மனைவியிடம் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பிளேடைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த அந்தத் துண்டை மாமியார் கையில் வாங்கி, வெட்டுவாய் காய்கிறவரை வைத்திருந்து, காம்பவுண்டு சுவரோரம் நட்டார். விரிஞ்சிபுரம் மதில் அழகு என்று ஊர் உலகம் சொல்வது கோயில் மதிலை. அந்தத் துண்டு பிடித்துக்கொண்டது எங்கள் வீட்டு மதிலை. உப்புத் தண்ணீரிலேயே ஏறிப் படர்ந்துவிட்டது.

நர்சரியில் சொல்லாத ஒரு சங்கதியும் உண்டு. இந்த உறவு நெடுநாள் நிற்பதில்லை. அடித்தண்டு வேகமாக வளர்கிற ரகம், மேலே இருப்பது மெதுவானது; சில வருடங்களில் ஒட்டு விட்டுப்போகும். அதற்குள் மேலே இருப்பது தன்னைச் சுற்றிக் குட்டி போடும். எங்களுடையதும் போட்டது. மிளகளவில் சிவப்புச் சிவப்பாய். கார்த்திகைக் கடை ஞாயிறுக்குப் பிள்ளை வரம் கேட்டுச் சிம்மக்குளத்தில் முழுக எங்கெங்கிருந்தோ பெண்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். இது திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்கிவிட்டது. மாமியார் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேல வெட்டி ஒண்ணும் கெடயாது. புள்ள மட்டும் பெத்துக்கினே கீது.”

குட்டிகளுக்கும் பச்சையம் கிடையாது. தனியே மண்ணில் நட்டால் வாழாது; ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைத் தண்டு தேட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், இதற்கு ஒரே பொருத்தம். தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மெல்லிய வளையம் ஒன்று தெரியும். குட்டியின் அடியை அரிந்தாலும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படிந்தால் ரப்பர் பேண்டு போட்டு நிழலில் வைத்துக் காத்திருக்கலாம். படியாவிட்டால் சுருங்கிக் கழன்று விழும்.

தண்டு வேண்டுமென்றால் மதிலோரக் கொடிதான் கதி. அது மாமியாருடையது. மனைவி மூலமாக விண்ணப்பித்தேன். அவரே கத்தியோடு வந்து, கொடியை நிதானமாகப் பார்த்து, கிளைகளில் சிலவற்றை நறுக்கித் தந்தார். மதிலேறி நின்ற பெரிய கிளையில் நான் கை வைத்தபோதுதான் கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்தடவையாக நேராக என்னைப் பார்த்துப் பேசினார்:

“அத்த உட்டுடுங்க. அதுக்கு மாப்ள பாக்க வாணாம்.”