சுடுவது அவர்கள், சோறு நம்முடையது

மலேசியாவின் கிள்ளானில் காக்காய் சுடப்போகிறார்கள் என்றால் முதல் நாளே தெருவுக்குத் தகவல் வந்துவிடும். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், காரை மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்பார்கள். காக்காய்களுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவற்றுக்குத்தான் முதலில் தெரிகிறது.

விடிந்ததும், உரிமம் வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள் பளபளக்கும் மேலங்கியோடு வந்து இறங்குவார்கள். அதுவரை மின்கம்பியில் சபை கூட்டி விவாதித்துக்கொண்டிருந்த கூட்டம், துப்பாக்கிப் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் எழுந்து பள்ளிக்கூட மரத்துக்குப் போய்விடும். அங்கே சுட முடியாது என்பது மனிதர்களுக்குப் போட்ட விதி. படித்து வைத்திருப்பது காக்காய். தப்பித் தவறி ஒன்று விழுந்தால், நாலு தெருக் காக்காயும் வந்து தலைக்கு மேல் வட்டமிட்டுக் கதறும். எங்கள் தெருவில் ஒரு சாவுக்கு இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

சுடுவதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, இது இந்த ஊர்ப் பறவையே இல்லை என்பது. உண்மைதான். 1890-களில் இந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு விழுந்தது. அதைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்காய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கங்காணி இல்லாமல் வந்த தோட்டத் தொழிலாளி! காப்பி நொடித்து ரப்பர் வந்தது. ஊர் திரும்ப மனமில்லாத காக்காய் தோட்டத்தை விட்டு டவுனில் குடியேறி, சாப்பாட்டுக் கடைகளை நம்பிப் பிள்ளைகுட்டி பெருக்கியது. எங்கள் குடும்ப வரலாறும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் நான் வாய் திறப்பதில்லை.

காக்காய் முகத்தை மறக்காது என்பது வேறு பயம். 2006-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் குகைமனிதன் முகமூடி மாட்டிக்கொண்டு சில காக்காய்களைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த முகமூடி தெருவில் தலைகாட்டினாலே வசவுதான். ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியையும் மாட்டிப் பார்த்தார்கள். அதை அவை பொருட்படுத்தவே இல்லை. அதே 2006-இல் காடை வேட்டைக்குப் போய், கூட வந்தவரைச் சுட்டவர் செனி. யார் குறி எங்கே போகும் என்பதுகூடக் காக்காய்க்குத் தெரிந்திருக்கிறது.

போன முறை வேட்டைக்காரர்கள் வந்தது அமாவாசையன்று. அம்மா படையல் முடித்து, வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் உளுந்து வடையும் மதில்மேல் வைத்து நின்று "கா... கா..." என்கிறார். பதிலுக்கு "டுமீல்" என்கிறது தெருமுனை.

"டேய், அந்த ஆளுகிட்ட போயி ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லு."

"மலாய்க்காரரும்மா. என்னன்னு சொல்றது?"

"உங்கப்பா இன்னும் சாப்பிடலேன்னு சொல்லு."

போனேன். "என்சிக், எங்கப்பா சாப்பிட வரணும். கொஞ்சம் பொறுக்க முடியுமா?" என்று மலாயில் கேட்டேன். நல்ல மனிதர், உடனே துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அப்பா எங்கே இருக்கிறார்?"

மின்கம்பியைக் காட்டினேன்.

அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "இதில் எது?" என்றார்.

எனக்கும் அடையாளம் தெரியவில்லை. வம்பு எதற்கு என்று, "எல்லாருமே சொந்தக்காரங்கதான்" என்றேன்.