ஆட்டமா, வெட்டலா?

கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் எதைக் கேட்பது?

கடைக்காரரைக் கேட்கும் முன் உங்களைக் கேளுங்கள்: அதிக நேரம் ஆட்டமா, வெட்டலா? ஆட்டம் என்றால் பெரும்பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. வெட்டல் என்றால் 32 ஜிபி ராமுக்குக் குறையாதீர்கள். அதையும் இரண்டு 16-ஆக வாங்குங்கள். ஜோடியாகப் போட்டால்தான் வேகம்.

பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் பிராசஸர் விலை குறைவாக இருக்கிறதே?

குறைத்ததால்தான் குறைவு! அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. கூடவே 'குவிக் சிங்க்' வசதியும் போய்விடும். கேமராவில் எடுத்த வீடியோ டைம்லைனில் திக்காமல் ஓட அது பெரிய துணை. கேம் மட்டும் ஆடுபவர் தாராளமாக வாங்கலாம். எடிட்டர் வாங்க வேண்டாம்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு கேட்டால் போதுமா?

போதாது. ஒரே பெயரில் 8 ஜிபி மெமரியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 4கே ஃபிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல், ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு. அதைக் கையாள மெமரி அதிகம் வேண்டும்; பில்லில் 16 இருக்கிறதா பாருங்கள்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கலாமா?

கல்யாணத்துக்குப் பட்டெடுத்துவிட்டுப் பந்தியில் கை வைப்பீர்களா? '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. நல்ல கம்பெனி, நீண்ட வாரன்டி பார்த்து வாங்குங்கள்.

புது கார்டு போட்டும் கேம் திக்குகிறதே?

மானிட்டர் கேபிள் மதர்போர்டிலா, கார்டிலா?