ஒரு மடக்குத் தண்ணீர்

யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது அப்புறம்" என்று வகுப்பெடுக்கிற ஆள் நான். ஆனால் எனக்கு மாத்திரை விழுங்க வராது. ஐம்பது வயதுக்கு மேல் இதை வெளியே சொல்வது, சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொல்வதைவிடக் கேவலமாக இருக்கிறது.

சின்ன வயதில் அம்மா வாழைப்பழத்துக்குள் மாத்திரையைச் செருகித் தருவாள். பழம் உள்ளே போகும். மாத்திரை கடைவாயில் ஒதுங்கி, பிறகு பீரோவுக்குப் பின்னால் போய்ச் சேரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்திய அன்று அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியா?" என்றாள். அதிலிருந்து எல்லா மாத்திரையும் பொடியாகி, சர்க்கரையோடு கரண்டியில் வந்தது. அந்தப் பழக்கம் எனக்கு நரை விழுந்த பிறகும் போகவில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுத்த மாத்திரையையும் அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். "சார், அட்டையில எஸ்.ஆர்.னு போட்டிருக்கு பாருங்க. நாள் பூரா மெல்ல மெல்லக் கரையணும். இடிச்சுப் போட்டா மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கிடும்." குடலுக்குப் போய்க் கரைவதற்காக மேலுறை பூசிய மாத்திரைகளையும் உடைக்கக் கூடாதாம். வாய் ஓயாமல் ஊருக்குச் சொல்லும் நான் அட்டையில் இருந்த இரண்டு எழுத்தைப் படிக்கவில்லை.

பிறகு பல் பிடுங்கியதற்காக 625 வந்தது. அமாக்சிசிலின் 500, கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்து 625. மாத்திரையின் நீளம் 22 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015இல் ஜெனரிக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறது. என் கையில் இருந்ததும் அதற்குள்தான் இருந்திருக்கும். பயந்தவன் கண்ணுக்கு அது சுண்டுவிரல் நீளம் தெரிந்தது.

என் முறை ஒன்றே ஒன்றுதான்: தலையை மல்லாக்க வைத்து, ஃபேனைப் பார்த்தபடி, கண்ணை மூடி உள்ளே எறிவது. அது தப்பு என்று ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது. அப்படி அண்ணாந்தால் கழுத்துத் தசைகள் இழுபட்டு விழுங்குவதே கஷ்டமாகிறது, புரையேறவும் வாய்ப்பு அதிகம். கேப்ஸ்யூல் விஷயத்தில் இன்னும் மோசம். அது தண்ணீரைவிட லேசு, வாய்க்குள் மிதக்கும். அண்ணாந்தால் பல் பக்கம் மிதந்து வரும். தலையைக் குனிந்தால்தான் தொண்டைப் பக்கம் போகும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் 151 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குனிந்து விழுங்கியபோது பத்தில் ஒன்பது தரம் கேப்ஸ்யூல் சுலபமாக இறங்கியதாம். மாத்திரைக்கு அவர்கள் சொன்ன வழி, மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, பாட்டில் ஒடுங்குகிற மாதிரி தண்ணீரை உறிஞ்சி, அந்த வேகத்திலேயே விழுங்குவது.

நான் இதைச் செம்பு பாட்டிலில் செய்து பார்த்தேன். உடம்புக்கு நல்லதென்று வாங்கி வைத்தது. செம்பு ஒடுங்குமா? மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. மனைவி என் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்றாள்.

போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கேப்ஸ்யூல், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ராத்திரியுடையதைப் படுக்கையில் உட்கார்ந்தபடியே போட்டு, தலைமாட்டு பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்து, அப்படியே சாய்ந்துவிட்டேன். நிறையக் குடித்தால் நடுராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே, அந்தச் சிக்கனம். இரண்டு மணிக்கு நெஞ்சுக்குழிக்கு மேலே ஒரு எரிச்சல். எச்சில் விழுங்கினால்கூடக் கத்தி இறங்குகிறது. மாரடைப்புதான் என்று முடிவு செய்து, பாங்க் பாஸ்புக் எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. ட்யூட்டி டாக்டர் என் மகள் வயதுப் பெண். மருந்து அட்டையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தண்ணியில சார் முழுங்குனீங்க?" என்று கேட்டார்.

"ஒரு டம்ளர்" என்றேன்.

"ஒரு மடக்கு, டாக்டர்" என்றாள் மனைவி.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். நடுவில் பெருந்தமனி வளைந்து அதை அழுத்துகிற இடத்தில் மாத்திரை நின்றுவிடுவது சகஜமாம். போதாத தண்ணீரில் கேப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை பசையாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தூங்கும்போது எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. டாக்ஸிசைக்ளினுக்கு அமிலத்தன்மை உண்டு. நின்ற இடத்திலேயே கரைந்து புண்ணாக்கிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடுகிற அலென்ட்ரோனேட் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. "ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்குச் சாப்பாட்டோடயே போட்டுடலாமே சார்" என்றார் அந்தப் பெண். இது எனக்குத் தோன்றவேயில்லை.

மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டேன். மூச்சும் பேச்சும் சரியாக இருந்து, எச்சில் இறங்கினால் பயமில்லை. நிமிர்ந்து நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கலாம், வாழைப்பழமோ ரொட்டியோ ஒரு வாய் மென்று விழுங்கி மறுபடி தண்ணீர் குடிக்கலாம். பல நேரம் மாத்திரை எப்போதோ போயிருக்கும். அது உரசிய இடம்தான் இன்னும் இருக்கிறதென்று பொய் சொல்லும். மூச்சு முட்டினாலோ பேச்சு வராவிட்டாலோ நேரே 108. எச்சில்கூட இறங்காமல் வாயில் வழிந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விடியற்காலை நாலு மணிக்கு வீடு திரும்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பூட்டிக்கொண்டே, "சார், அடுத்த தடவை முதல்ல ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுப் பாருங்க. கேக்கலேன்னா என்னைக் கூப்பிடுங்க" என்றார். அது தப்பான யோசனை. நெஞ்சு வலித்தால் தண்ணீர் குடித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அதை எடுத்துச் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.