‘வை’ என்னும் வினை: பம்மல் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், “அங்கிள், வையிங்குக்கு ஐ வருமா, ஒய் வருமா?” என்று கேட்டதில் பிறந்தது இவ்வாய்வு. ‘வை’ என்றால் ஆங்கிலத்தில் போட்டியிடு. வி, ஐ, ஈ என மூன்றே எழுத்து.

ஆய்வு முறை: 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில், வேலைக்காரன் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு எஜமானைப் படுத்துவான். யாமும் அவ்வழியினரே.

எழுத்தியல்: நன்னூல் கூறும் மூன்று விகாரமும் இதில் உண்டு. ‘இங்’ தோன்றுகிறது, ஈ கெடுகிறது, ஐ, ஒய்யாகத் திரிகிறது. ஐயை ஒட்டி இன்னொரு ஐ உட்கார ஆங்கிலம் பொதுவாக விடுவதில்லை. மூவர் சீட்டில் நால்வரை அடைக்கும் ஷேர் ஆட்டோவை அது பார்த்ததில்லை. சாவதற்கான ‘டை’, கட்டுவதற்கான ‘டை’ இரண்டுக்கும் இதே விதி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே என்பதற்கு, மே மாத வெயிலில் டை கட்டி வீடு வீடாக ஏறும் விற்பனைப் பிரதிநிதியே சான்று.

சொற்பிறப்பு: பழைய பிரெஞ்சில் சூதாட்டப் பணயத்தை உயர்த்துவதைக் குறித்த சொல் இது. நாமும் பணயம் ‘வை’க்கிறோம், தற்செயல்தான், ஆயினும் மார்தட்டலாம். பொறாமையாகிய ‘என்வி’ இதற்கு உறவில்லை. ‘வை’யின் லத்தீன் மூலத்தின் பொருள் ‘அழை’. ஆகவே கல்யாண இன்விடேஷன்தான் பங்காளி. அழைப்பே போட்டி என்பது பம்மல்வாசிக்குப் புதிதன்று.

கள ஆய்வு: பல்லாவரம், வெள்ளிக்கிழமைச் சந்தை கலையும் நேரம். “பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர்! வா ஆயா, வா!” ஆட்டோ இரண்டு, ஆயா ஒன்று. முதலாமவர் ஆயா கையிலிருந்த ரோஜாச் செடியை வாங்கித் தம் சீட்டில் வைத்தார். இரண்டாமவர் வைதார். இடையில் ஒரு ‘த்’ மட்டுமே வேறுபாடு. ‘வை’க்குக் கூர்மை என்றும் பொருளுண்டு என்கிறது தொல்காப்பிய உரியியல், வைததைக் கேட்டவர் மறுக்கமாட்டார்.

இருவரும் கூர்மை காட்டிக்கொண்டிருக்க, ஆயா செடியை எடுத்துக்கொண்டு, பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸில் ஏறிவிட்டார்.

முடிபைப் பையனிடம் அறிவித்தேன்: “ஒய்.”

“ஒய் அங்கிள்?” என்றான். முதலிலிருந்து தொடங்கினேன்.